படத்தில் இருப்பவளுக்கு எது வலப்பக்கம்

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ உட்லண்ட்ஸிலிருந்து காமிராவோடு வந்தாய். சன்னல் ஓரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, "சின்னம்மா, நல்ல சேலையா ஒண்ணு கட்டிக்கிட்டு வந்து உக்காருங்க. வீட்டுல உங்க படம் ஒண்ணுகூட ஒழுங்கா இல்ல" என்றாய். எதற்குப் படம் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் வயதில் இருப்பவளிடம் பிள்ளை வந்து நல்ல படம் எடுக்கலாம் என்றால் அது எந்தச் சுவருக்கு என்று தெரியாதா? உன் அம்மா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்க இடம்கூடப் பார்த்து வைத்திருப்பாய். நான் முடியாது என்றேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கோப்பியைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாய். வகுப்பு வகுப்பாக நின்று பேசிய வாய்தான் இது. அன்று காரணம் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கணக்குப் பாடத்தில் சில சமயம் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு வழியைக் காட்டுவேன். விடை தெரிந்துவிட்டால் பிள்ளைகள் பதறாமல் கவனிப்பார்கள். அப்படியே இங்கும் செய்கிறேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து நீ அம்மா என்று கும்பிட்டு வரும் அந்தப் படத்தில் இருப்பது உன் அம்மா இல்லை. அது நான். என் முகத்தை நீ இன்னொரு முறை படம் எடுத்து அதற்குப் பக்கத்தில் மாட்டினால், இரண்டும் ஒரே ஆள் என்று ஒருநாள் உனக்கே தெரிந்துவிடும். உனக்கு இருக்கிற ஒரே அம்மா முகமும் அன்றோடு போய்விடும். அது போகலாமா, இருக்கட்டுமா என்று நீதான் முடிவு செய்யவேண்டும். நடந்ததைத் தெரிந்துகொண்டு முடிவு செய். நிதானமாகப் படி.

என் அக்காவுக்கு, அதாவது உன் அம்மாவுக்கு, கல்யாணம் நடந்தது ஜப்பான்காரன் காலத்தில். மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிழைத்த நாட்களில் பிலிமுக்கு எங்கே போவது? சண்டை முடிந்து எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தபோதுதான் அவள் முதன்முதலாகக் காமிராவுக்கு முன் உட்கார்ந்தாள். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய படம். "திருடியப் புடிச்சு வச்ச மாதிரி இருக்கேன்டி" என்று அவளே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நீ தவழ ஆரம்பித்த சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அதிலிருந்து அவள் எழுந்திருக்கவே இல்லை. இறப்பைப் பதியப் போன உன் அப்பா, கேட்டார்கள் என்று அட்டையையும் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் அவருக்கு உறைத்தது. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவள் முகம் ஏதோ ஓர் அரசாங்க இழுப்பறைக்குள் போய்விட்டது. எங்களிடம் ஒன்றுமில்லை.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். நில அளவை வரைபடம் போடுகிற வேலை. கோடு ஒரு மயிரிழை விலகினாலும் அவருக்குத் தூக்கம் வராது. அவருடைய ஒரே சிநேகிதர் ஹமீது நானா. சிராங்கூன் சாலையில் துணிக்கடைக்கு மேல்மாடியில் படக்கடை வைத்திருந்தார். இருவரும் சாயங்காலத்தில் கடைக்குக் கீழே அஞ்சடி நடைபாதையில் நின்று சண்டை போடுவார்கள். ஒரே சண்டைதான், தினமும் புதிதாக நடக்கும். படம் என்பது நடந்ததற்குச் சாட்சியா, அல்லது செய்கிறவன் கையில் பிறக்கிற பொருளா? நானா ஒருமுறை ரோச்சோர் கால்வாயைக் காலையில் எடுத்து, வேறொரு பிலிமிலிருந்து மேகத்தைக் கொண்டுவந்து வானத்தில் சேர்த்துப் போட்டிக்கு அனுப்பினார். பரிசும் கிடைத்தது. அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே.

"அன்னிக்கு வானத்துல மேகமே இல்ல நானா. நானும் உங்க கூடத்தான நின்னேன்?"

"மேகம் இல்லாதது வானத்தோட தப்பு லா. என்னைய ஏன் திட்டுறீங்க?"

"பொய்க்குப் பரிசு வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க."

"நீங்க போடுற மேப்புல ஆத்துக்கு நீல மை அடிக்கிறீங்களே தம்பி, இந்தக் கால்வாய் என்னைக்கு நீலமா ஓடுச்சு?"

நான் அப்போது பயிற்சி முடித்துத் தமிழ்ப் பள்ளியில் சேர்ந்திருந்த புதிது. உன்னைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகும்போது இதெல்லாம் காதில் விழும். ஆம்பளைகளுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அக்கா போய் வருடம் திரும்பியதும் உன் அத்தை பேச்செடுத்தார். உன் அப்பாவுக்கு மூத்தவர், வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பிள்ளைக்காக நான் உன் அப்பாவைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்றார். என்னைக் கேட்டார்கள், நான் சரி என்றேன். என் இடுப்பை விட்டு நீ இறங்கவே மாட்டாய். அதற்கு மேல் யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் புதுச்சேலையும் பூவும் வைத்துப் படைத்து உத்தரவு கேட்கவேண்டும். அவள் இடத்துக்கே ஒருத்தி வருகிறாள் என்றால் கேட்காமல் முடியுமா? படையல் முடிந்ததும் அந்தச் சேலையை வரப்போகிறவள் எடுத்துக் கட்டிக்கொள்வாள்.

"சொம்புல தேங்காய வச்சுக் கேக்கறதெல்லாம் ஊருல. இங்க எல்லார் வீட்டுலயும் படம் வச்சுத்தான் கேக்குறாங்க. மூஞ்சி இல்லாம யாருகிட்ட உத்தரவு கேக்குறது?" என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்ப்பதுபோல இருந்தது. "அதான் மூஞ்சி இங்கயே இருக்கே" என்றார்.

எனக்கும் அக்காவுக்கும் ஒரே சாயல். கன்னத்து மச்சம்தான் மாறியிருந்தது. அவளுக்கு இடது கன்னத்தில், எனக்கு வலது கன்னத்தில். இதைச் சொல்லி நானாவிடம் கேட்கப் போனது யார் தெரியுமா? உன் அப்பாதான். மேகம் பொய் என்று சண்டை போட்ட அதே மனிதர். மேகத்தை ஒட்டிய நானாவோ தயங்கினார். "மேகத்த ஒட்டியிருக்கேன் தம்பி. ஆள ஒட்டினதில்ல" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "வரைய வேணாம் நானா. அவ முகத்துல தூரிகை படக்கூடாது. காமிரா பாத்ததா இருக்கணும்" என்றார். நானா பழைய பிலிம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வழி சொன்னார். பிலிமைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்தால் இடம் வலமாகும், வலம் இடமாகும். சட்டைப் பையில் குத்திய பேனா கண்ணாடியில் மறுபக்கம் தெரிகிறதே, அதுபோல. மச்சம் தானாகவே அக்காவின் கன்னத்துக்குப் போய்விடும்.

முகத்தைத் திருப்பினால் மற்றதும் திரும்புமே. அதனால் என்னை எல்லாவற்றிலும் மாற்றி உட்கார வைத்தார்கள். தலைப்பை வலது தோளில் போட்டுச் சேலை கட்டச் சொன்னார் அத்தை. கட்டிப் பார், கை ஒரு கொசுவம்கூட எடுக்காது. வேறு யாரோ ஒருத்தியின் உடம்புக்குக் கட்டுவது போலிருந்தது. மூக்குத்தியைக் கழற்றி, துளையில்லாத இடது பக்கத்தில் மெழுகு வைத்து ஒட்டினார்கள். கடைசியாக அத்தை முந்தானையிலிருந்து அக்காவின் தாலியை எடுத்தார். தாலி தெரியாத படத்தைச் சுமங்கலி என்று யார் கும்பிடுவார்கள் என்பது அவர் நியாயம். யாரும் கட்டாத தாலி அன்று என் கழுத்தில் ஏறியது. அது சில்லென்று இருந்தது. நேரமாக ஆகச் சூடாகும் என்று பார்த்தேன். ஆகவே இல்லை. நானா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அசையாதீங்கம்மா" என்றார். என் கை நடுங்கியது. உன் அப்பா சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சட்டம் போட்டுப் பிரதி வந்தது. எல்லோரும் பார்த்தார்கள். அத்தை சத்தம் போட்டு அழுதார். "அவளேதான், அவளேதான்" என்று சொல்லிக்கொண்டே படத்தின் கண்ணாடியில் குங்குமம் வைத்தார். நானும் பார்த்தேன். மற்றவர்கள் என்னை நேரில் பார்த்துப் பழகியவர்கள், அதனால் திருப்பிய முகம் அவர்களுக்கு வேறு ஆளாகத் தெரிந்தது. நான் என் முகத்தைக் கண்ணாடியில் மட்டுமே பார்த்தவள். எனக்கு அது தினமும் காலையில் பொட்டு வைக்கும்போது எதிரே நிற்கும் அதே முகம். ஓர் அறையில் அத்தனை பேர் அக்காவைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படையல் அன்று சேலை, பூ, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வைத்து, சட்டத்தின் மேல் இரண்டு முனையிலும் ஈரச் சந்தனத்தில் ஒவ்வொரு பூவை ஒட்டினார் அத்தை. வலது பூ முதலில் விழுந்தால் சம்மதம், இடது பூ விழுந்தால் கல்யாணம் இல்லை. நான் கைகூப்பி நின்றேன். உத்தரவு கேட்கவேண்டியவள் நான். உத்தரவு தரவேண்டிய இடத்திலும் நானே மெழுகு மூக்குத்தியோடு உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என்று கூப்பிட வாய் வரவில்லை. சந்தனம் காய்ந்தது. ஒரு பூ விழுந்தது.

"வலது! படத்துல இருக்கறவளுக்கு வலது! உங்கக்கா உத்தரவு குடுத்துட்டா!" என்று அத்தை கைதட்டினார்.

நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வரைபடக்காரர் அல்லவா, எனக்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டார். படத்தில் இருப்பவளுக்கு அது வலதுதான். ஆனால் அன்று படக்கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தப் பக்கம் இடது. அத்தை எடுத்துக் கொடுத்த சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து உன் அப்பா நானாவிடம் கேட்டாராம், அந்தப் பூ எந்தப் பக்கம் விழுந்தது என்று. நானா சிரிக்கவில்லை. "பூவு சமாச்சாரமெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. ஆனா நீங்க சொல்றாப்புல படம்னா நடந்ததுக்குச் சாட்சின்னா, அது இடது. நான் சொல்றாப்புல படம் புதுசாப் பொறந்த பொருள்னா, அது வலது. இப்ப நீங்க எந்தக் கட்சி?" அதற்குப் பிறகு அவர்கள் அஞ்சடியில் நின்று அந்தச் சண்டையைப் போடவே இல்லை. சினிமா, மழை, நாணயம் மாறுவது என்று பேசுவார்கள். நானா தன் கடையின் கண்ணாடிப் பெட்டியில் எத்தனையோ படங்களை வைத்தார். இதை மட்டும் வைக்கவில்லை. நான் ஒருநாள் கேட்டதற்கு, "அதான் நான் எடுத்ததுலயே நல்லா வந்த படம்மா. அதனாலதான் வைக்கல" என்றார்.

உனக்குப் பேச்சு வந்ததும் என்னைச் சின்னம்மா என்றாய், படத்தை அம்மா என்றாய். அப்படித்தான் சொல்லிக்கொடுத்தோம். தினமும் சாயங்காலம் நான் விளக்கேற்றி உன்னைத் தூக்கிக் காட்டுவேன். நீ என் தோளில் இருந்துகொண்டு படத்தில் இருக்கும் என் முகத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் என் கன்னத்தைத் தள்ளிவிடுவாய். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா என்னா லட்சணம்! சொன்னா கோச்சுக்காதீங்க, உங்களுக்கு அந்தக் களை வரல" என்றார். நான் சிரித்தேன். எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, நீ படத்துக்கு முன்னால் நின்று, "அம்மா, சின்னம்மாவக் காப்பாத்தும்மா" என்று அழுதாயாம். அத்தை சொன்னார். நான் போர்வைக்குள் சுருண்டுகொண்டேன். நீ யாரிடம் கேட்டாய்? கேட்டது யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு மாறிய கதை உனக்கு நினைவிருக்கும். புது வீடு, சுண்ணாம்பு வாசனை, குழாயைத் திறந்து திறந்து மூடி விளையாடினாய். கூடத்துச் சுவரில் படத்தை மாட்டினோம். எதிரே ஆள் உயரக் கண்ணாடி வைத்த அலமாரி. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நீ கூப்பிட்டாய்.

"சின்னம்மா, இங்க வாங்களேன். சுவத்துல அம்மா இருக்காங்க. கண்ணாடியில நீங்க இருக்கீங்க."

"நான் இங்கல்ல இருக்கேன்?"

"இல்ல, கண்ணாடியில உக்காந்திருக்கீங்க. சேலைய மாத்திக் கட்டிக்கிட்டு."

ஈரக் கையோடு வந்து பார்த்தேன். நானா திருப்பியதைக் கண்ணாடி மறுபடியும் திருப்பிவிட்டிருந்தது. மச்சம் வலது கன்னத்துக்குத் திரும்பி வந்திருந்தது. தலைப்பு வலது தோளில், மூக்குத்தி இடது பக்கத்தில், கழுத்தில் கட்டாத தாலி. அந்தப் படக்கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணை நான் முதன்முறையாக வெளியிலிருந்து பார்த்தேன். அவள் மிகவும் பயந்திருந்தாள். அவளைச் சுற்றி என் கூடம் இருந்தது, அவளுக்கும் எனக்கும் நடுவில் நீ நின்றாய். உன் அப்பா வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் தனியாகவே தள்ளி அறைக்குள் கொண்டுபோனார். தரையில் விழுந்த கீறல் வெகுநாள் இருந்தது. நீ அதை மறந்துவிட்டாய் என்று நினைத்தோம்.

எல்லாவற்றையும்விட நான் அதிர்ந்துபோனது பிறகு ஒருநாள். நீ பெரிய வகுப்புக்குப் போய்விட்டாய். அம்மா எப்படி இருப்பாங்க என்று அப்பாவிடம் கேட்டாய். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார். "ரொம்பப் பயந்த சுபாவம். இந்தப் படம் எடுக்க நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். கை அப்படி நடுங்குச்சு அவளுக்கு. பாக்க மனசு கேக்காம நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்." நான் சமையலறையில் நின்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை, குரல் அப்படி. அவர் உண்மையாகவே அவளை அங்கே உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு பிசகினால் தூங்காத மனிதர், அன்று நடந்ததிலிருந்து என்னை எடுத்துவிட்டு அக்காவை வைத்துவிட்டார். என் அக்கா பயந்த சுபாவமே இல்லை என்பதுகூட அவருக்கு மறந்துவிட்டது. நான் உள்ளே போய் எதுவும் திருத்தவில்லை. எதைச் சொல்லித் திருத்துவது? எனக்கும் அதற்குள் அவள் முகம் போய்விட்டிருந்தது. கண்ணை மூடினால் சுவரில் இருப்பதுதான் வரும்.

நீ படம் எடுப்பதில் ஆசை உள்ளவன். உன் நண்பர்களோடு இதே சண்டையை நீயும் போடுவதைக் கேட்டிருக்கிறேன். யார் ஜெயிக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு கட்சிக்கும் நடுவில் நான் ஆயுள் முழுக்க விளக்கேற்றியிருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்வேன். ஒரு படத்தை மாட்டுவதற்கு முன், அது எந்த முகத்தை அழிக்கப்போகிறது என்று ஒரு நிமிடம் நின்று யோசி.

படத்தில் இல்லாததைத் தருகிறேன், வைத்துக்கொள். உன் அம்மா உரக்கச் சிரிப்பாள், தெருமுனையில் கேட்கும். பசாரில் மீன்காரனோடு மலாயில் சண்டை போட்டு ஜெயிப்பாள். செருப்பை இழுத்து இழுத்து நடப்பாள், மாடிப்படியில் அந்தச் சத்தம் வந்தால் நீ பால் குடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்புவாய். உன்னைத் துரை என்பாள். "துரைக்குப் பசிக்குதாம், எல்லாரும் வழி விடுங்க" என்பாள். அவள் குரல் எனக்கு இன்னும் இருக்கிறது. அதை யாரும் திருப்பிப் போடவில்லை.

நீ அடுத்த ஞாயிறு வா. காமிராவைக் கொண்டு வருவதும் விடுவதும் உன் விருப்பம். கொண்டு வந்தால் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, தலைப்பை இடது தோளில் போட்டு, உனக்கு முன்னால் உட்காருகிறேன். ஆனால் அதற்குப் பிறகு சுவரில் ஒரு படம்தான் இருக்கவேண்டும். எது என்று நீ சொல். பழையது இருக்கட்டும் என்றால் எனக்கு வருத்தமில்லை, அதிலும் நான்தான் இருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி மாலை மட்டும் போட்டுவிடாதே. உன் பேத்திக்கு இப்போது கேள்வி கேட்கும் வயது. நீ அன்று கண்ணாடியில் பார்த்ததுபோல அவளும் பார்த்துவிடுவாள். இளசாக ஒரு முகம், கிழடாக அதே முகம், இரண்டுக்கும் பூ. "இந்தப் பாட்டி ஏன் ரெண்டு தடவ செத்துப் போனாங்க?" என்று அவள் கேட்டால், பதில் தெரிந்தவள் அப்போது சுவரில் இருப்பாள்.

உன்
சின்னம்மா